கடல் ஏறும் தோப்பு

எருத்தேன்பதியில் நஞ்சப்பன் தோப்பில் நிற்கிற இரட்டைப் படகு நாளுக்கு இரண்டு தடவை இடுப்பு உயரம் மேலே எழும்பும், இரண்டு தடவை இறங்கித் தரையில் உட்காரும். கடல் இங்கிருந்து மேற்கே பஸ்ஸில் நாலு மணி நேரம். நடுவில் பாலக்காடும் திருச்சூரும் இருக்கின்றன. அந்த ஊர்களில் ஒருத்தர் வேட்டியைக்கூட நனைக்காமல் அது எப்படி இவ்வளவு தூரம் வருகிறது என்று கேட்டால் எங்கள் பஞ்சாயத்தில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. காலையில் பால் சொசைட்டியில் நின்றால், கொப்பரை கிலோவுக்கு ரெண்டு ரூபாய் இறங்கியிருக்கிறது, படகு இன்றைக்குப் பத்தரைக்கு ஏறும் என்று ஒரே மூச்சில் சொல்லுவார்கள். வெளியூர்க்காரர்கள்தான் வாயைப் பிளப்பார்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம்.

படகு நஞ்சப்பனின் மனைவி கோமதியின் பெயரில் இருக்கிறது. அவள் அதைக் கேட்கவும் இல்லை, வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் தலையில் வந்து உட்கார்ந்த பல காரியங்களைப் போல அதுவும் வந்து உட்கார்ந்தது. அதற்கு முன்னால் ஆறு போர் போட்டிருந்தார்கள். நீரோட்டம் பார்க்கிற சென்னியப்பன் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோப்பெல்லாம் நடப்பார். தேங்காய் தானாக எழுந்து நிற்கிற இடத்தில் கல் வைப்பார்கள். ஆறு இடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. ஆறிலும் புகை மாதிரி வெள்ளைப் புழுதிதான் வந்தது. கடைசிப் போர் ஆயிரத்து இருநூறு அடி போய், கோமதி கொடியில் காயப் போட்டிருந்த துணியை எல்லாம் மாவில் புரட்டி எடுத்தது போல ஆக்கிவிட்டு நின்றது. அவள் அத்தனையையும் மறுபடி துவைக்க வேண்டியிருந்தது, அதற்கும் தண்ணீர் இல்லை. கள் இறக்குகிறவர்கள் பாளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேறு தோப்புக்குப் போனார்கள். மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. கோமதி லாரித் தண்ணீரைக் குடத்தில் மொண்டு மரம் மரமாக ஊற்றினாள். எண்பது மரத்துக்கு ஒரு பெண்பிள்ளை குடத்தில் தண்ணீர் ஊற்றுவது யானைப் பசிக்குச் சோளப்பொரி போடுகிற கதைதான். இருந்தாலும் ஊற்றினாள். முழங்கால் இரண்டும் அப்போதுதான் போயின.

அந்த மாசி மாதம் நஞ்சப்பன் கண் காட்டக் கொச்சிக்குப் போனார். கோமதியின் அண்ணன் மகன் கோபிநாத் அங்கே காயல் ஓரத்தில் படகு பழுதுபார்க்கிற பட்டறையில் வேலையாக இருந்தான். அந்தப் பட்டறையில் வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் உலகம் சுற்றிய ஒரு படகு விற்பனைக்கு நின்றது. கிழவனுக்கு நெஞ்சுவலி வந்து, இருவரும் விமானத்தில் ஊருக்குப் போய்விட்டார்கள். வாங்க வருகிறவர்களிடம் ஒப்பிக்க வேண்டிய விவரங்களைக் கோபிநாத் அன்றைக்கு மாமாவிடம் ஒத்திகை பார்த்தான். நீளம் முப்பத்தெட்டு அடி, அகலம் இருபத்தொன்று. ஒல்லியான இரண்டு உடல், அவற்றுக்கு நடுவே பாலம் போட்டது போலக் கூடம். உடலுக்கு இரண்டு வீதம் நாலு படுக்கையறை, அறைக்கொரு குளியலறை. கூடத்தின் இடது பக்கம் சமையல் மேடை. பின்னால் இரண்டு டீசல் எஞ்சின். பெரிய பாய் ஒன்று, சுருட்டி வைக்கிற முன்பாய் ஒன்று. கூரையில் சோலார் பலகை. இடுப்பளவு தண்ணீர் இருந்தால் மிதக்கும். பக்கக் காற்றில் குதிரை மாதிரி ஓடும், பின்காற்றிலும் குறை சொல்ல முடியாது, எதிர்க்காற்று என்றால் மட்டும் கொஞ்சம் மொண்டி. இவ்வளவையும் நஞ்சப்பன் கோயிலில் சமஸ்கிருதம் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாகக் கோபிநாத், படகில் தண்ணீர் உண்டாக்குகிற மெஷின் இருக்கிறது, மணிக்கு அறுபது லிட்டர் என்றான். நஞ்சப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மணிக்கா என்று கேட்டார். மணிக்குத்தான். கரண்ட் எவ்வளவு பிடிக்கும்? வெயில் போதும். எதிலிருந்து உண்டாக்கும் என்று அவர் கேட்கவில்லை. கோபிநாத்தும் சொல்லவில்லை, படகு விலை கேட்கிறவருக்குக் கடல் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும் என்று நினைத்தான். ஆறு போர் போட்டு ஆறிலும் புழுதி பார்த்த மனுஷனின் காதில் அதற்குமேல் எதுவும் ஏறாது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

மெஷினை மட்டும் கழற்றித் தருவார்களா என்று நஞ்சப்பன் விசாரித்தார். படகோடுதான் என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வந்து, கோமதிக்கு அவள் அப்பா எழுதிக் கொடுத்த மேட்டுக்காட்டை விற்றார். கையெழுத்துப் போடு என்றார், போட்டாள். முப்பது வருஷமாகக் காட்டிய இடத்தில் போட்டுப் பழகிய கை. பணம் அவளுடையதானதால் படகையும் அவள் பெயரிலேயே பதிந்தார், அந்த அளவுக்கு நேர்மையானவர்தான். தோப்பில் நிறுத்தி அறைகளை வாடகைக்கு விடப்போகிறார் என்று கோபிநாத் நினைத்துக்கொண்டான். படகு பாய்மரத்தைக் கழற்றித் தன்மேலேயே படுக்க வைத்துக்கொண்டு, நீண்ட டிரெய்லரில், ரோட்டை முழுசாக அடைத்தபடி வந்தது. பாலக்காட்டுச் சித்தூர் தாண்டியதும் வழியில் பல ஒயர்களையும் ஒரு கட்சி வளைவையும் கழற்ற வேண்டியிருந்தது. தோப்பு நடுவே மரக்கட்டைகளை அடுக்கி அதன்மேல் இறக்கினார்கள். கொண்டு வந்ததை அரைகுறையாக வைக்கக் கூடாது என்று நஞ்சப்பன் பாய்மரத்தையும் கிரேன் வைத்து நிறுத்தினார், நங்கூரத்தையும் சங்கிலியோடு கடலைக்காட்டில் புதைத்தார். தென்னைகளைவிட உயரமாக அது நின்றது. ஊரே கூடி நிற்க, கோபிநாத் மெஷினுக்கு ஒயர் கொடுத்துவிட்டு, வலது உடலின் அடியில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டையைக் காட்டினான்.

"மாமா, இதுல கடத்தண்ணி போவோணுங்க. உப்பெல்லாம் வடிகட்டிட்டு நல்ல தண்ணியா வருமுங்க."

நஞ்சப்பன் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் முதலில் யார் சிரித்தது என்று இன்றுவரை சண்டை இருக்கிறது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. கிழக்கே பொள்ளாச்சி வரைக்கும் டீக்கடைகளில் அந்தக் கோடை முழுக்க அதுதான் பேச்சு. பஞ்சாயத்தில் அதற்குக் கட்டட வரி போடுவதா வண்டி வரி போடுவதா என்று ஒரு கூட்டம் நடந்து முடிவில்லாமல் கலைந்தது. கோமதிதான் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். கப்பல் கவிழாமல் தன் தோப்பில் வந்து நின்றால் கையை எங்கே வைப்பது என்று ஒருத்தரும் சொல்லி வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் நஞ்சப்பன் ஏணியில் ஏறிப் படகுக்குள் போனார், இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. கோமதி கீழே நின்று கூப்பிட்டாள்.

"எறங்கி வாங்க. ஊருல சிரிப்பு வாங்காத ஊடு எது இருக்குது?"

"தண்ணி வரட்டும். வாரேன்" என்றார் உள்ளே இருந்து.

அந்தப் படகுமேல் தன் கால் படாது என்று கோமதி அப்போதே சொல்லிவிட்டாள். இருவரும் சொன்ன சொல் மாறாதவர்கள், அதுதான் அந்தக் குடும்பத்தின் பெரிய கஷ்டம். அவர் மேலே இருந்தார், அவள் கீழே இருந்தாள். மூன்று வேளையும் சோறு போட்ட தூக்குப்போசியைக் கயிற்றில் கட்டுவாள், அவர் இழுத்துக்கொள்வார். காலியானதை இறக்கிவிடுவார். ஏதாவது வேண்டுமென்றால் அதே கயிற்றில் குரலும் வரும். ஒரு சுத்தியல் அனுப்பு, ஆணி அனுப்பு, கத்தாழைக் கயிறு அனுப்பு. மார்கழிக் குளிரில் இன்னொரு தலையணை கேட்டார். ஒரு தலைக்கு ரெண்டு தலையணை எதற்கு என்று முனகிக்கொண்டே கட்டினாள். நீலப் போர்வை, கண்ணாடி, இரண்டாவது டம்ளர், முழங்காலுக்கு அவள் தேய்க்கிற தைலத்தில் ஒரு பாட்டில். கேட்டதை எல்லாம் அனுப்பினாள். பகலில் மேலே தட்டுகிற சத்தமும் அறுக்கிற சத்தமும் கேட்கும். என்ன செய்கிறார் என்று கேட்க மாட்டாள். மாட்டைப் பார்த்தாள், கோழியைப் பார்த்தாள், மிச்சம் இருந்த மரத்துக்குக் குடம் சுமந்தாள். படுத்தால் தூக்கம் வராது. பெரிய வீட்டில் பல்லி கத்துவதைக் கேட்டபடி, இந்த மனுஷன் ஒருநாள் இறங்கி வந்து வாசல் கதவைத் தள்ளிவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே விடியும்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. ஆடி அமாவாசை அன்று காலை, காற்று கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தபோது, படகு ஒரு தடவை முனகிவிட்டுக் கட்டைகளை விட்டு எழுந்தது. கோமதி இட்லிப் போசியோடு வந்தவள் ஏணியின் கடைசிப் படி தன் இடுப்புக்கு நேராக நிற்பதைப் பார்த்தாள். படகுக்கும் தரைக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. மண் காய்ந்தபடியேதான் இருந்தது. ஆனால் அடியில் புகுந்து வந்த கோழிகளின் கால் நனைந்திருந்தது. நாய் ஓடிப் போய் நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பியது. படகு நங்கூரச் சங்கிலியை இழுத்துப் பிடித்தபடி காற்றுக்கு மூக்கைக் கொடுத்து மெல்ல ஆடியது. மத்தியானத்துக்குமேல் பழையபடி கட்டைமேல் வந்து உட்கார்ந்தது. கோபிநாத் ஃபோனில், கடல் ஏறி இறங்குகிற இதற்குக் கொச்சியில் வேலியேற்றம், வேலியிறக்கம் என்று பெயர், எல்லா இடத்திலும் நடக்கிறதுதான் என்று சொன்னான். எல்லா இடத்திலும் நடப்பதென்றால் சரி என்று ஊர் விட்டுவிட்டது. சென்னியப்பன் மட்டும் தேங்காயோடு வந்து படகுக்கு அடியில் கையை நீட்டினார். படகு ஏறும்போது தேங்காய் எழுந்து நின்றது, இறங்கும்போது படுத்தது. ஆறு போரிலும் தன்மேல் தப்பில்லை, கடல் வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெஷின் ஓடியது. மணிக்கு அறுபது லிட்டர் என்று கோபிநாத் சொன்னது பொய்யில்லை. படகிலிருந்து ஓஸ் இறங்கி மரத்துக்கு மரம் நகர்ந்தது. வெயில் இருக்கிற வரைக்கும் ஒரு நாளைக்கு ஆறு ஏழு மரம் நனையும். சாகாமல் இருக்க அது போதும். புதுக் குருத்து வந்தது, கள்ளுக்காரர்கள் மறுபடி வந்து பாளையைத் தொட்டுப் பார்த்தார்கள். வடிகட்டியில் பொடி மீன் சிக்கும், பூனைக்கு நல்ல காலம். மெஷின் கழித்துத் துப்பிய தண்ணீர் படகுக்கு அடியில் வெள்ளையாகப் பூத்துக் காய்ந்தது. கோமதி அதைப் பெருக்கி அள்ளி, சமையலுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தென்னங்குழிகளில் போட்டாள். குழிக்கு உப்பு போடுவது எங்கள் பக்கம் எப்போதும் உள்ளதுதான், கடையில் வாங்குகிற வேலை மிச்சம்.

அவள் போய்க் கீழே நின்றாள். "தண்ணி வந்துருச்சல்லங்க. எறங்கி வாங்க."

காற்று இழுக்கிறது, நங்கூரத்தை யாராவது பார்க்க வேண்டும், மெஷினையும் விட்டுவிட்டு வர முடியாது என்றார். சொன்ன சொல்லை அவர் மாற்றியது அதுதான் முதல் தடவை. கோமதி திரும்பிப் போய் மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் வராத வரைக்கும் ஒரு காரணம் இருந்தது, வந்த பிறகு ஒரு காரணம் இருக்கிறது. மனுஷனுக்கு இறங்க மனசில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தாள். அதற்குமேல் வேலையும் கூடிப் போனது. படகு ஏறி நிற்கும்போது காற்றில் ஆடுகிற படகுக்குக் கயிற்றில் குழம்பு அனுப்பினால் பாதி தரையில்தான் போகும். இறங்கி உட்காரும்போதுதான் அனுப்ப முடியும். ஆனால் அது இறங்குகிற நேரம் நாளுக்கு முக்கால் மணி பின்னால் தள்ளிப் போகும். அதனால் சோறாக்குகிற நேரமும் அதோடு தள்ளித் தள்ளிப் போய், ஊரெல்லாம் மத்தியானச் சோறு தின்னும்போது அவள் காலை இட்லி ஊற்றுவாள். இரண்டு வாரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கு வரும். அப்படி ஒரு வருஷம் சுற்றினாள். உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது என்ற கதிக்கு முழங்கால் வந்துவிட்டது.

மலைமேல் இருக்கிற மாட்டுப்பட்டி டேமில் சவாரிப் படகு விடுகிற ஜின்சன் என்கிறவன் யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு அடுத்த ஆடியில் வந்தான். மறையூர் வழியாக, உடுமலைப்பேட்டையில் பஸ் மாறி, கையில் மறையூர்ச் சர்க்கரை என்கிற வெல்லம் ரெண்டு உருண்டையோடு வந்தான். நல்ல மாதிரியான பையன். படகை மலைக்கு எப்படிக் கொண்டுபோவாய் என்று கோமதி கேட்டதற்கு, மலைரோட்டு வளைவுகளில் முழுசாகத் திரும்பாது, நடுவில் நீளவாக்கில் அறுத்து ரெண்டாகக் கொண்டுபோய் மேலே ஒட்டிக்கொள்ளலாம் என்றான். கோமதி ஒரு பகல் முழுக்க யோசித்தாள். படகு போனால் கடலும் போகும், கடல் போனால் தோப்பு மறுபடி காயும். ஆனால் படகு போனால் மனுஷன் இறங்கித்தானே ஆக வேண்டும். எண்பது தென்னையா, ஒரு நஞ்சப்பனா? இந்தக் கேள்வியை வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் தென்னை என்றிருப்பார்கள். அவள் சரி என்று சொன்னாள். படகு அவள் பெயரில் இருந்ததால் நஞ்சப்பனைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அறுக்கிற விஷயம் மேலே அவர் காதிலும் விழுந்தது. அன்றைக்கு அனுப்பிய சோறு அப்படியே இறங்கி வந்தது.

வாங்குகிறவன் ஓட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டான். உடைமைக்காரரும் கூட இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முறை என்று ஜின்சன் சொன்னான். அதனால் கோமதி தன் சொல்லைத் தானே தின்றுவிட்டு, படகு தரையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஏணியைப் பிடித்து, படிக்கொரு மூச்சு வாங்கி மேலே ஏறினாள். இரண்டரை வருஷம் கழித்துப் புருஷனைக் கண்ணுக்கு நேரே பார்த்தாள். தாடி நரைத்திருந்தது. மாடு சினையா என்று அவர் கேட்டார். இல்லை என்றாள். ஜின்சன் அங்கங்கே தட்டியும் திருகியும் பார்த்துக்கொண்டு போனான். கூடத்தில் ஆறு பேர் உட்காரலாம். அடுப்பு கொக்கியில் தொங்கிற்று, படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது மட்டும் நேராக நிற்கும், குழம்பு சிந்தாது. அலமாரிக் கதவெல்லாம் பூட்டு வைத்தது போல மூடிக்கொண்டன. இடது உடலில் நாலு படி இறங்கினால் நஞ்சப்பனின் படுக்கை, முன்னால் தேங்காய் மூட்டை. வலது உடலின் கதவு சாத்தியிருந்தது. அதைப் பிறகு பார்ப்போம், முதலில் பாய் என்று ஜின்சன் மேலே போனான். ஒரு உடலை மட்டும் தண்ணீரில் விட்டால் உடனே கவிழும், ரெண்டையும் எட்ட எட்ட வைத்துக் கட்டினால்தான் நிற்கும் என்று போகிற போக்கில் சொன்னான்.

கடல் ஏறியதும் நங்கூரத்தை எடுத்தார்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், அதனால் பாயைப் பாதிதான் விரித்தார்கள். படகு தென்னைகளுக்கு நடுவில் ஒதுங்கி ஒதுங்கி வெளியே வந்து, கிழக்கே திரும்பி, கோமதியிடமிருந்து போன மேட்டுக்காட்டின்மேல் பாய்ந்தது. சோளப் பயிரில் ஒரு தோகை ஒடியவில்லை, நனைந்தது மட்டும்தான். பொள்ளாச்சி பஸ்ஸை டிரைவர் ஓரங்கட்டித் தேருக்கு வழிவிடுவது போல நிறுத்தினார். தமிழ்நாட்டு எல்லைக் கல் வந்ததும் திருப்பினார்கள், அந்தப் பக்கம் கடல் உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள்.

"சேச்சி, ஓட்டம் கொள்ளாம், ரொம்ப நல்லாயிருக்கு" என்று ஜின்சன் சிரித்தான். "இனி திரும்பிப் போறதுதான் பாடு."

கோபிநாத் சொன்ன மொண்டித்தனம் அப்போதுதான் தெரிந்தது. காற்று நேராகத் தோப்பிலிருந்தே வந்தது. வடக்கே கொஞ்சம் ஓடி, திரும்பி, தெற்கே கொஞ்சம் ஓடி, உழவு மாடு போல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் படகு காற்றுக்கு எதிரே விறைத்து நின்று பின்னால் வழுகும். முன்பாயை எதிர்ப்பக்கம் பிடித்து மூக்கைத் தள்ளினால்தான் மறுபடி நகரும். எஞ்சினைப் போட்டால் பாயின் குணம் தெரியாது என்று ஜின்சன் போட விடவில்லை. கடல் வடிவதற்குள் தோப்புக்குப் போகாவிட்டால் படகு அடுத்தவன் சோளக்காட்டில் உட்கார்ந்துவிடும். நஞ்சப்பனும் அவனும் கயிறு கயிறாக இழுத்தார்கள். கோமதிக்குத் தலை சுற்றியது. நஞ்சப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"வலது பக்கம் போயிப் படு. கதவு தாப்பாப் போட்டதில்ல" என்றார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினாள். இடது பக்கம் நாலு படி இருந்தது, இங்கே எட்டு. ஒவ்வொரு படிக்கும் நடுவில் ஒரு பலகையை வைத்து, பாதி உயரத்துக்கு ஒரு படி அடித்திருந்தார். கால் வழுக்காமல் கத்தாழைக் கயிறு சுற்றியிருந்தது. கைக்குப் பிடிக்க ஒரு கம்பு. முழங்கால் வலிக்காமல் ஒரு படி இறங்கி எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கு நினைவில்லை. கீழே கட்டிலில் நீலப் போர்வை மடிப்புக் கலையாமல் விரித்திருந்தது, அதன்மேல் மார்கழியில் அனுப்பிய தலையணை. தலைமாட்டில் கண்ணாடி, டம்ளர், மூடி திறக்காத தைல பாட்டில். எல்லாம் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருந்தன. கோமதிக்கு முதலில் கோபம்தான் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை, மேலே வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே இந்த மனுஷன். பிறகு, தானும் ஒரு தடவைகூட மேலே வரட்டுமா என்று கேட்கவில்லை என்பதும் ஞாபகம் வந்தது. அவர் அவள் ஏறட்டும் என்று இருந்திருக்கிறார், அவள் அவர் இறங்கட்டும் என்று இருந்திருக்கிறாள். கொஞ்சம் தலையைச் சாய்த்தால் சுற்றல் நிற்கும் என்று படுத்தாள். காதுக்குப் பக்கத்தில் பலகைக்கு அந்தப் புறம் தண்ணீர் சளசளவென்று போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் கடைசி ஒரு சாண் தண்ணீரில் படகு தோப்புக்குள் நுழைந்து கட்டைமேல் உட்கார்ந்தது. ஜின்சனுக்கு எல்லாம் பிடித்துவிட்டது. எதிர்க்காற்றுக் குறை டேமில் பெரிய விஷயமில்லை. வலது பக்கத்தையும் பார்த்து, உடைமைக்காரியின் சம்மதத்தை வாங்கிவிட்டால் அறுக்க ஆளைக் கூப்பிடலாம். அவன் கதவுப் பக்கம் போனபோது நஞ்சப்பன் குறுக்கே வந்து நின்றார்.

"அவ தூங்கறா தம்பி" என்றார் மெதுவாக. "முப்பது வருஷத்துல அவ தூங்கி நான் பாத்ததில்ல. நான் கண்ணு மூடறப்பவும் முழிச்சிருப்பா, தெறக்கறப்பவும் முழிச்சிருப்பா. அவளா எந்திரிக்கட்டும்."

ஜின்சன் காத்திருந்தான். நஞ்சப்பனும் படியில் உட்கார்ந்திருந்தார். பால் கறக்கிற நேரம் தாண்டி மாடு கத்தியது. ஒரு தடவை கத்தியது, இரண்டு தடவை கத்தியது, பிறகு நிறுத்தாமல் கத்தியது. நஞ்சப்பன் வலது பக்கக் கதவைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். அது அவளை எழுப்பிவிடும் என்று பயந்துதான் ஏணியில் கால் வைத்தார். தரையில் பாதம் பட்டதும் கொஞ்சம் தள்ளாடினார். ஆளை அடையாளம் தெரியாமல் கோழிகள் சிதறி ஓடின. அவர் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போய்ப் பால் சொம்பைத் தேடி எடுத்து வந்தார். ஜின்சன் சர்க்கரையை வாசலில் வைத்துவிட்டு உடுமலைப்பேட்டை பஸ்ஸுக்குப் போனான். கோமதி மறுநாள் கடல் ஏறி இறங்கி மறுபடி ஏறிய பிறகுதான் கண் விழித்தாள். ஜின்சன் ஃபோன் செய்து கேட்டதற்கு, முட்டி நல்லாகட்டும் தம்பி, அப்புறம் பேசலாம் என்றாள். அவன் அதற்குப் பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவை கேட்பான். அவளும் அதையே சொல்லுவாள்.

இப்போது அவள் மேலே இருக்கிறாள். மெஷினை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள், நஞ்சப்பனைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று தென்னைகளைப் பார்த்தால் தெரியும். எங்கே உங்கள் வீட்டில் என்று யாராவது கேட்டால், படகில் இருக்கிறாள் என்று நஞ்சப்பன் சந்தைக்குப் போயிருக்கிறாள் என்பது போலச் சொல்லுவார். ராத்திரி தோப்பில் வேலையெல்லாம் முடிந்து கடல் இறங்கியிருந்தால் அவரும் ஏறிப் போவார், கடல் ஏறியிருந்தால் வீட்டிலேயே படுத்துக்கொள்வார். சமையல் அவர்தான். படகு உட்காருகிற நேரத்துக்கு உலை வைத்து, தூக்குப்போசியைக் கயிற்றில் கட்டிவிட்டு அண்ணாந்து நிற்பார். கை வாகு இன்னும் வரவில்லை.

"ஏனுங்க" என்று மேலே இருந்து குரல் வரும். "கொழம்புல உப்புப் பத்தலீங்க."

நஞ்சப்பன் குனிந்து படகுக்கு அடியில் ஒரு சிட்டிகை கிள்ளி எடுத்து, மண் இல்லாமல் ஊதி, இறங்கி வந்த போசியில் போட்டுக் கலக்கி மறுபடி அனுப்புவார்.